கருவிழிக் கொடையும் அதன் சிக்கனமும்: புதுவையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். புரை வேறு, பூ வேறு என்பதை அவர்கள் நன்கறிவார்கள். புரை என்பது கண்ணுக்குள்ளிருக்கும் வில்லை மங்குவது. பூ என்பது கண்ணின் முன்புறத்தே கண்ணாடிபோல் நிற்கும் படலம் வெண்மை பூத்துப் போவது. முன்னதற்குச் செயற்கை வில்லை வந்துவிட்டது; எத்தனை கோடி வேண்டுமாயினும் தொழிற்சாலையில் செய்துகொள்ளலாம். பின்னதற்கோ, பெரும்பாலும், மரித்த இன்னொரு மனிதரின் கண்ணையே நம்பியிருக்க வேண்டியுள்ளது. இவ்வேறுபாட்டிலிருந்தே இக்கட்டுரையின் பொருள் தொடங்குகிறது.

இப்படலத்தை இன்று நாம் கருவிழி என்றும் விழிவெண்படலம் என்றும் எழுதுகிறோம். மருத்துவர்கள் கார்னியா என்பர். ஒன்பதாம் நூற்றாண்டுப் பகுதாதில் அப்பாஸிய கலீஃபாக்களின் ஆதரவில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கண்ணைப் பற்றித் தாம் எழுதிய பத்து ஆய்வுரைகளில் இதனை ‘அல்கர்னிய்யா’ என்று குறித்தார். கொம்பு போன்றது என்பது அதன் பொருள். சீவி மெலிதாக்கிய மாட்டுக்கொம்பு ஒளியை உள்ளே விடும் என்பதைக் கண்டவர்கள் வைத்த பெயர் அது. கிரேக்கச் சொல்லும் அதே பொருளது. இலத்தீனத்தின் கார்னியாவும் அதுவே. ஹுனைன் கிறிஸ்தவர், அவர் நூலைக் கற்றுப் பேணியவர்களுள் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். கருவிழியில் இரத்த நாளங்கள் படர்ந்து பார்வையை மறைக்கும் நோய்க்கு ‘ஸபல்’ என்று பெயரிட்டு, அந்நாளங்களைக் கொக்கியால் தூக்கி அறுக்கும் முறையை அரபு கஹ்ஹால்கள், அதாவது கண் மருத்துவர்கள், விரிவாக எழுதிவைத்தனர். எனினும் மங்கிய கருவிழியை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவது அவர்கள் காலத்தில் இயலாத ஒன்று. அதற்கு இன்னும் ஓராயிரம் ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

1905ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள். அன்று ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டதாயும் இன்று செக் நாட்டில் உள்ளதாயும் இருக்கும் ஓலோமூட்ஸ் என்னும் சிற்றூரில், எட்வர்ட் ஸிர்ம் என்ற மருத்துவர் அலோய்ஸ் குளோகர் என்னும் கூலித் தொழிலாளிக்கு அறுவை செய்தார். சுண்ணாம்பு பட்டு அவருடைய இரு கண்களும் வெந்து வெளுத்திருந்தன. (வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலம் குழந்தைகளின் கண்ணில் பீய்ச்சியடித்து விளையும் கேட்டை நம் பகுதிக் கண் மருத்துவர்கள் இன்றும் காண்கிறார்கள்.) அதே நேரத்தில் கார்ல் பிராவர் என்னும் பதினொரு வயதுச் சிறுவன் கண்ணில் இரும்புத் துணுக்கு பாய்ந்து கொண்டுவரப்பட்டான். அக்கண்ணைக் காப்பாற்ற வழியில்லாமல் அகற்ற நேர்ந்தது. அகற்றிய அந்த ஒரு கண்ணின் கருவிழியிலிருந்து இரண்டு சிறு வட்டங்களை வெட்டியெடுத்து, குளோகரின் இரு கண்களிலும் ஸிர்ம் பொருத்தினார். ஒன்று பயன்படாது போயிற்று. மற்றொன்று தெளிவாக நிலைத்தது. குளோகர் மீண்டும் வேலைக்குச் சென்றார்.

இந்நிகழ்ச்சியை உலகின் முதல் வெற்றிகரமான கருவிழி மாற்று என்று எல்லா நூல்களும் குறிக்கின்றன. நாம் கவனிக்க வேண்டியது அதனினும் சிறிய ஒரு செய்தியை. கிடைத்ததோ ஒரு கண். தேவைப்பட்டதோ இரு கண்களுக்கு. எனவே ஒன்றை இரண்டாக்கினார். கொடைத் திசுவின் பற்றாக்குறையும் அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் எண்ணமும் இச்சிகிச்சையோடு ஒரே நாளில் பிறந்தவை.

இறந்தவர் கண்ணை எடுப்பது பின்னரே வழக்கமாயிற்று. 1930களில் ஒடெஸ்ஸா நகரில் விளாதிமிர் ஃபிலாத்தோவ், இறந்தவரின் கண்ணைக் குளிரில் வைத்துப் பேணிப் பயன்படுத்தலாம் எனக் காட்டினார். நியூயார்க்கில் டவுன்லி பேட்டன் 1944இல் முதல் கண் வங்கியை நிறுவினார். அடுத்த ஆண்டே, 1945இல், சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர்.இ.எஸ்.முத்தையா இந்தியாவின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார் என்பதும், 1948இல் கருவிழி மாற்று அறுவையைச் செய்தார் என்பதும் தமிழர் பெருமையோடு நினைக்கத் தக்கவை. 1819இல் தோன்றிய அம்மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று.

அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 1823இலேயே இங்கு மருத்துவப் பள்ளி ஒன்றை அவர்கள் ஏற்படுத்தியிருந்தனர். பிரெஞ்சு மருத்துவத்துக்கும் கருவிழிக்கும் உள்ள தொடர்பு நெடியது. கருவிழியின் உட்புறத்தே, மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவேயுள்ள மெல்லிய சவ்வை 1758இல் விவரித்த ஜான் தெஸ்மே ஒரு பிரெஞ்சுக்காரர். அச்சவ்வு இன்றளவும் அவர் பெயரால் வழங்குகிறது. மங்கிய கருவிழிக்குப் பதிலாகக் கண்ணாடித் துண்டைப் பதிக்கலாமென்று 1789இல் எழுதிய பெல்லியே தெ கெங்ஸியும் அந்நாட்டவரே. இருபதாம் நூற்றாண்டின் இடைக்காலத்தில் லியோன் நகரத்து லூயி போஃபிக், கருவிழி முழுவதையும் மாற்றாமல் மேலடுக்கை மட்டும் மாற்றும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1949 ஜூலை 7ஆம் நாள் பிரெஞ்சுப் பாராளுமன்றம் லஃபே சட்டத்தை இயற்றி, ஒருவர் தம் கண்களை மரணசாசனத்தின் வழியே கொடையளிக்க வகைசெய்தது. புதுவையில் ஆட்சி கைமாறியது அதற்கு ஐந்தாண்டு கழித்து, 1954 நவம்பர் முதல் நாளில்.

அந்தப் பழைய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே 1964இல் புதிய வளாகத்தில் ஜவஹர்லால் பெயரோடு எழுந்த ஜிப்மர். ஒன்றியப் பகுதியாக இருந்ததால் புதுவைக்கு வேறொரு முந்துரிமையும் வாய்த்தது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1995 பிப்ரவரி 4ஆம் நாள் கோவா, இமாசலப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களிலும் எல்லா ஒன்றியப் பகுதிகளிலும் நடைமுறைக்கு வந்தது. ஆதலின் தமிழ்நாடு தன் சட்டமன்றத்தில் அதனை ஏற்பதற்கு முன்பே புதுவையிலும் காரைக்காலிலும் அது சட்டமாகிவிட்டது. 2003இல் கடலூர்ச் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1976இல் மதுரையில் டாக்டர் கோ.வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய பணியின் கிளை அது.

இனி நம் சமுதாயத்தோடு நெருங்கிய பகுதிக்கு வருவோம். உறுப்பு மாற்றைப் பற்றிய ஃபிக்ஹு விவாதம் சிறுநீரகத்திலோ இதயத்திலோ தொடங்கியதன்று, கருவிழியில் தொடங்கியது. எகிப்தின் முஃப்தி ஷைகு ஹஸன் மஃமூன் 1959இல் வழங்கிய ஃபத்வா, பார்வையிழந்தவருக்குப் பொருத்துவதற்காக இறந்தவரின் கண்ணிலிருந்து எடுப்பதை அனுமதித்தது. தாமே இசைந்தவர், உரிமை கோர எவருமில்லாத அடையாளம் தெரியாதவர் என்னும் வரம்புகளையும் அது குறித்தது. அடுத்து வந்த முஃப்தி அஹ்மத் ஹரீதி 1966இல் மற்ற உறுப்புகளுக்கும் அதை விரித்தார். சவூதியின் மூத்த உலமாக்கள் மன்றம் 1978இல் கருவிழிக்கு இசைவளித்து, 1982இல்தான் பிற உறுப்புகளைப் பற்றிப் பேசியது. இரு நாடுகளிலும் வரிசை ஒன்றே. இதற்குக் காரணம் தேடத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கருவிழிக்கு இரத்த ஓட்டம் இல்லை. இதயம் நின்ற பின் சில மணி நேரத்துக்குள் எடுத்தாலும் அது பயன்படும். எனவே மூளைச்சாவு மரணமாகுமா என்னும் கடினமான வினாவுக்குள் நுழையாமலே ஆலிம்கள் இதற்கு விடை கூற முடிந்தது.

தடுத்தவர்கள் சாதாரணமானவர்களல்லர். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் இடம்பெறுகிறது. மனித உடல் அதில் வாழ்ந்தவரின் உடைமையன்று, அமானிதம். உடைமையல்லாததை ஒருவர் எவ்வாறு வஸிய்யத் செய்வார் என்று அவர்கள் கேட்டனர். மஆரிஃபுல் குர்ஆன் ஆசிரியரான முஃப்தி முஹம்மது ஷஃபீ இக்கருத்தினர். 1989இல் டெல்லியில் கூடிய இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியின் முதற் கருத்தரங்கு, மரணத்துக்குப் பின் உறுப்பைப் பயன்படுத்தச் சொல்லும் சாசனம் ஷரீஅத் நோக்கில் வஸிய்யத் ஆகாதென்றே முடிவு செய்தது. இதனை மறைத்துவிட்டு, ‘இஸ்லாம் கண்தானத்தை ஆதரிக்கிறது’ என்று சுவரொட்டி மொழியில் எழுதுவது ஆலிம்களுக்கும் வாசகர்களுக்கும் நேர்மையாகாது.

எனினும் நம் கடற்கரை ஊர்களில் ஓதப்படும் ஷாஃபிஈ நூல்களை நாம் மறந்துவிடலாகாது. இமாம் நவவியின் மின்ஹாஜ், தூய பொருள் கிடைக்காதபோது தூய்மையற்றதைக் கொண்டு எலும்பை ஒட்டுவைத்தவரை மன்னிக்கத்தக்கவர் என்கிறது. பசியால் உயிர் போகும் நிலையில் வேறேதும் இல்லாதவனுக்கு இறந்த மனிதரின் தசைகூட விலக்கில்லை என்கிறது. உயிரோடிருப்பவரின் தேவை, இறந்தவரின் உடற்கண்ணியத்துக்கு முன்னிற்கலாம் என்னும் அளவுகோல் அந்நூல்களிலேயே உண்டு. பார்வை உயிருக்கு நிகரா என்பது வேறு வினா. அதற்கு விடை கூறியது 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாதமியின் நான்காம் அமர்வு. உயிருக்கோ உடலின் அடிப்படைச் செயல் ஒன்றுக்கோ தேவையானதை, இறந்தவர் முன்பே இசைந்திருந்தால், அல்லது வாரிசுகள் இசைந்தால், மையித்திலிருந்து எடுக்கலாம் என்றது. உயிரோடிருப்பவரின் இரு கருவிழிகளையும் எடுப்பது ஹராம் என்றது. விற்பனையைத் தடுத்தது. அத்தீர்மானத்தில் ஒரு பிரிவு, நோயின் பொருட்டு ஒருவரிடமிருந்து அகற்றப்பட்ட கண்ணின் கருவிழியை மற்றொருவருக்குப் பயன்படுத்தலாம் என்று கருவிழியையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. ஜித்தாவில் அமர்ந்திருந்தவர்கள் ஓலோமூட்ஸ் சிறுவனை நினைத்தனரோ இல்லையோ, 1905இல் நிகழ்ந்தது துல்லியமாக அதுவே.

சட்டத்துக்கும் ஃபிக்ஹுக்கும் இடையே ஒரு வேடிக்கையான ஒற்றுமையும் உண்டு. உரியவர் எவரும் வராத உடலிலிருந்து எடுக்கலாம் என்று எகிப்திய ஃபத்வாவும் சொல்கிறது, நம் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. ஆனால் நம் சட்டம் 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது. கருவிழியோ ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கப்பட வேண்டும். ஆகவே கண்ணைப் பொறுத்தவரை அப்பிரிவு ஏட்டில் மட்டுமே வாழ்கிறது. இசைவு தருவதற்கு உறவினர் இருந்தே ஆக வேண்டும்.

ஆறு மணி நேரம் என்பது ஜனாஸாவை விரைவுபடுத்தும் நம் சுன்னத்துக்கு இடையூறன்று. புதுவை முல்லா வீதியிலோ காஜி வீதியிலோ ஃபஜ்ருக்குப் பின் ஒருவர் மௌத்தானால், ளுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று வைத்துக்கொண்டாலும், குளிப்பாட்டுவதற்கு முன்னரே அப்பணி முடிந்துவிடும். எடுப்பதற்கு அரை மணி நேரமே ஆகும். அதனினும் முக்கியமானது எடுக்கும் முறையில் வந்த மாற்றம். முன்பு கண்ணை முழுமையாகத் தோண்டி எடுத்தார்கள். குழியில் பஞ்சு வைத்து இமையை மூடினார்கள். இன்று பல கண் வங்கிகளில் கருவிழியையும் அதனைச் சுற்றிய வெண்விளிம்பையும் மட்டும் எடுக்கிறார்கள். கண் அதன் இடத்திலேயே இருக்கிறது. மையித்தைச் சிதைத்தல் என்னும் ஆட்சேபனையை எழுதிய ஆலிம்களுள் பலர் கண்முன் கண்டது பழைய முறையைத்தான். மாறிய முறையை வைத்து அந்த வினாவை மீண்டும் கேட்பது அவர்களை மறுப்பதாகாது என்பது நம் கருத்து.

இவ்வளவு இசைவு பெற்று வரும் திசு போதுமானதா? 2016இல் வெளிவந்த உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்று, 1 கோடியே 27 இலட்சம் பேர் காத்திருப்பதாகவும், தேவைப்படும் 70 கருவிழிகளுக்கு ஒன்றே கிடைப்பதாகவும் மதிப்பிட்டது. இந்தியாவில் எடுக்கப்படும் கருவிழிகளிலும் ஏறத்தாழப் பாதி அறுவைக்குச் சேர்வதில்லை. உட்புறச் செல்கள் குறைந்திருத்தல், தொற்று, இரத்தப் பரிசோதனை முடிவுகள், காலம் கடந்துபோதல் எனக் காரணங்கள் பல. இஸ்ராஃப் என்னும் சொல்லை நாம் தண்ணீருக்கும் சோற்றுக்கும் பயன்படுத்துகிறோம். ஒருவர் வீட்டில் துக்கத்தின் நடுவே கொடுக்கப்பட்டது குளிர்பெட்டியில் காலாவதியாவதற்கு வேறெந்தச் சொல் பொருந்தும்?

காலத்தை நீட்டிப்பதே முதற் சிக்கனம். 1974இல் மெக்கேரியும் காஃப்மனும் உருவாக்கிய எம்.கே. திரவத்தில் கருவிழி நான்கு நாள் தங்கும். மதுரை அரோலேப் தயாரிக்கும் கார்னிசால் திரவத்தில் பதினான்கு நாள் வரை வைக்கலாம். நான்கு நாளில் நோயாளியை அழைத்து அறுவை செய்ய முடியாமல் வீணானது, இரண்டு வாரத்தில் வேறோர் ஊருக்கே அனுப்பப்படலாம். அடுத்தது, திசுவின் தரத்துக்கேற்ற பயன். உட்புறச் செல் குறைந்த கருவிழி பார்வையைத் தெளிவாக்க உதவாது. ஆனால் புண் துளைத்துக் கண்ணே அழியும் நிலையில் அதை அடைத்துக் கண்ணைக் காக்க உதவும். கிளிசரினில் பல மாதம் வைத்த கருவிழியும் இதற்குப் போதும்.

மூன்றாவதுதான் நம் காலத்தின் பெரிய மாற்றம். கருவிழி அரை மில்லிமீட்டர் அளவு தடிப்புடைய அடுக்குகளின் தொகுதி. நோய் பெரும்பாலும் எல்லா அடுக்குகளையும் தாக்குவதில்லை. ஒருவருக்கு மேலடுக்கு வடுப்பட்டிருக்கும். தெஸ்மே சவ்வும் அதன்மேல் ஒட்டிய ஒற்றை வரிசைச் செல்களும் நலமாயிருக்கும். மற்றொருவருக்கு, பெரும்பாலும் புரை அறுவைக்குப் பின், அந்தச் செல் வரிசை தேய்ந்து கருவிழி நீர்கோத்து வீங்கியிருக்கும், மேலடுக்கில் பழுதிராது. முழுக் கருவிழியையும் மாற்றியபோது இருவருக்கும் நலமான பாதியையும் சேர்த்து வெட்டியெறிந்தோம். 1998இல் நெதர்லாந்தின் கெரிட் மெல்லஸ் பின்னடுக்கை மட்டும் மாற்றிக் காட்டினார். 2006 அளவில் தெஸ்மே சவ்வை மட்டுமே பொருத்தும் நிலைக்கு அதனைக் கொண்டுவந்தார். 2002இல் முஹம்மது அன்வரும் கிளாஸ் டெய்க்மனும், காற்றைச் செலுத்திப் பெருங்குமிழ் உண்டாக்கி, தெஸ்மே சவ்விலிருந்து மேலடுக்கைப் பிரிக்கும் முறையை வெளியிட்டனர். போஃபிக் கத்தியால் செய்ய முயன்றதைக் காற்று செய்தது என்று சொல்லலாம்.

இவ்விரண்டும் சேர்ந்தபோது ஒரு கருவிழி இருவருக்கு என்பது இயல்பாகவே பின்தொடர்ந்தது. 2007இல் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ரசிக் வாஜ்பாயியும் உடனிருந்தோரும் இன்னும் ஒருபடி சென்றனர். ஒரே கருவிழியின் முன்னடுக்கு ஒருவருக்கு, பின்னடுக்கு ஒருவருக்கு, விளிம்பிலுள்ள மூலச் செல்கள், இரசாயனம் பட்டுக் கண் வெந்த மூன்றாமவருக்கு. ஜெர்மனியின் எர்லாங்கனில் இதனை வழக்கமான முறையாக்க முயன்று 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். மெல்லஸின் குழுவினர் தெஸ்மே சவ்வையே இரண்டாகவும், பின் நான்காகவும் வெட்டிப் பொருத்தினர்.

இதில் ஒரு தயக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரிக்கும்போது சவ்வு கிழிந்தால் இரண்டு நோயாளிகளின் வாய்ப்பும் பாழாகும். ஒரே நாளில், அல்லது சில நாளுக்குள், பொருத்தமான இரு நோயாளிகள் தயாராயிருக்க வேண்டும். பூஞ்சைப் புண்ணால் கருவிழி முழுதும் உருகிப் போனவர்களே மிகுந்திருக்கும் நம் பகுதியில் முழுக் கருவிழி மாற்றுக்கான தேவை மறையவில்லை. ஐரோப்பியரின் நோய் வேறு, நம்முடைய நோய் வேறு.

நெல் அறுக்கும்போது கதிர்முனை படும், மரத்தூசி விழும், தாய்ப்பால் விட்டு, எண்ணெய் விட்டு, கடையில் கேட்ட ஸ்டீராய்டு சொட்டு விட்டு, கண் வெளுத்த பின் புதுவைக்கு வருவார்கள். நெல்வயல் சூழ்ந்த கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் கதை இது. புதுவை அரவிந்த் மருத்துவமனையும் பங்கேற்ற, 323 நோயாளிகளைக் கொண்ட ஓர் ஆய்வு 2013இல் வெளியாயிற்று. பூஞ்சைப் புண்ணுக்கு வொரிகோனசோல் என்னும் புதிய மருந்தைவிடப் பழைய நாட்டமைசினே மேலானது, அதனால் துளை விழுவதும் மாற்று அறுவையும் குறைகின்றன என்று அது நிறுவியது. கருவிழிச் சிக்கனத்தைப் பற்றிய எழுத்துகளில் இவ்வாய்வு இடம்பெறுவது அரிது. ஆனால் தேவைப்படாமற்போன ஒவ்வொரு கருவிழியும் வங்கியில் சேர்ந்த கருவிழியே.

கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்னும் கணக்கையும் பார்க்கத்தான் வேண்டும். இலங்கையில் டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தானச் சங்கத்தைத் தொடங்கினார். 1964இல் சிங்கப்பூருக்கு முதற் கருவிழிகள் பனிக்கட்டிக் குடுவையில் அனுப்பப்பட்டன. அது முதல் அச்சங்கம் பல நாடுகளுக்கு அனுப்பியவற்றுள் மிகப் பெரும் பங்கைப் பெற்ற நாடு பாகிஸ்தான். கொடுத்தவர்களுள் பெரும்பான்மையோர் பௌத்தர்கள். தானத்தைப் பாரமிதையாகக் கருதுவோர். பெற்றவர்கள் நம்மவர்கள். பெறுவதற்கு ஆகுமென்றும் கொடுப்பதற்கு ஆகாதென்றும் மேலே கண்ட ஃபத்வாக்கள் எவையும் சொல்லவில்லை. தடுத்த உலமாக்கள் இரண்டையுமே தடுத்தார்கள். அவர்கள் நிலை முரணற்றது. முரண் நம் நடைமுறையில் இருக்கிறது.

இனி எழும் வினா 1988ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் இல்லாதது. கியோட்டோவின் ஷிகெரு கினோஷிட்டா, கொடையாளரின் கருவிழிச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, பதினொரு நோயாளிகளின் கண்ணுக்குள் ஊசியால் செலுத்தித் தெளிவு பெற்றதை 2018இல் வெளியிட்டார். 2023இல் ஜப்பான் அரசு அச்சிகிச்சைக்கு அனுமதி வழங்கியது. ஸிர்ம் ஒன்றை இரண்டாக்கினார், வாஜ்பாயி மூன்றாக்கினார், இங்கே ஒருவர் கொடை பலருக்கு எட்டுகிறது. ஆனால் இங்கே கருவிழி கைமாறுவதில்லை. அதிலிருந்து வளர்க்கப்பட்ட செல்கள், ஒரு நிறுவனத்தின் தயாரிப்பாக, விலைக்கு வருகின்றன. வாரிசுகள் ஸதகா ஜாரியா என எண்ணிக் கொடுத்தது இவ்வாறு விற்பனைப் பொருளாகும்போது ஜித்தாத் தீர்மானத்தின் விற்பனைத் தடை அதன்மேல் செல்லுமா? வளர்த்தெடுத்த உழைப்புக்கான கூலி என்று அதைக் கொள்ளலாமா? கொடையாளர் இசைந்தது ஒருவருக்குப் பொருத்தவா, எத்தனை பேருக்காயினும் பகிரவா? தேவைப்பட்ட உறுப்புக்காக நோயாளி பணம் செலவிடுவதை அத்தீர்மானம் இஜ்திஹாதுக்கு விட்டுவைத்திருக்கிறது. நம் மத்ரஸாக்களின் இஃப்தாப் பிரிவுகளுக்கு இவ்வினா வருமுன், புதுவையிலும் காரைக்காலிலும் கண் வங்கியினர் வீட்டு வாசலில் நீட்டும் இசைவுப் படிவத்தில் ‘சிகிச்சைக்காக’ என்னும் ஒரு சொல்லுக்குள் அது வந்து நிற்கக்கூடும்.